இடப்பக்கம் ஜெர்மனி, வலப்பக்கம் இத்தாலி

தலைமை தாங்குவதற்கென்றே பிறந்தவர்போல நடு நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய வெங்கடராகவன் அவர்களே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை டயருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே. எவ்வளவு நேரம் ஆனாலும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. நாற்காலி காலியாக இருந்தும் பந்தல் காலில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே. வெயில் சாயத் தொடங்கியதிலிருந்து விளக்குப் போடும் வரை வாதாடி, தண்ணீர் குடித்து, மறுபடியும் வாதாடி அமர்ந்திருக்கும் இரு பெரும் டயர்ப் புலவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த அருணகிரியின் அன்பு வணக்கம்.

என்னை ஏன் நடுவராக அழைத்தார்கள்? எனக்குக் கார் இல்லை. கார் ஓட்டத் தெரியாது. டயரைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் கிடையாது. படூர் முழுவதும் தேடி, இப்படி ஒரு மனிதன் நான் ஒருவன்தான் அகப்பட்டேனாம். இது எவ்வளவு பெரிய தகுதி என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். கருத்து இல்லாதவனுக்கு இந்த நாட்டில் மாலை போடுகிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், சோடா உடைத்துக் கொடுக்கிறார்கள்.

ஆனால் கடமை என்று வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லலாமா? முதியோர் வகுப்பில் தமிழ் எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் கற்று இரண்டு வருடம் ஆகிறது. பஸ் பலகை, கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை என்று ஒன்றையும் விடுவதில்லை. அந்த ஆசையில், காருக்குப் போட்டிருந்த உறையைத் தூக்கி டயரையும் படிக்கப் போனேன். டயரில் எழுத்து வட்டமாக ஓடுகிறது. படிக்கிறவன் குனிந்து, தலையைச் சாய்த்து, கழுத்தைத் திருப்பி, கடைசியில் தலைகீழாக நிற்க வேண்டும். அப்படி ஒவ்வொரு சக்கரமாகப் படித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தபோது நம் வாயில் காவலர் பார்த்துவிட்டார்.

"இன்னா பெருசு, காருக்குப் பிரதட்சணமா? தேங்கா ஒடைக்கலயா?" என்றார்.

"படிச்சிகினு கீறேன்யா," என்றேன். "இந்தப் பக்கம் ஒரு ஊரு பேரு போட்டுகீது. அந்தப் பக்கம் வேற ஊரு பேரு போட்டுகீது."

ஆம், அவையோரே. வழக்கே அதுதான். ஒரே கார். இடப்பக்கம் ஜெர்மனி. வலப்பக்கம் இத்தாலி.

இது எப்படி நடந்தது? புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் லக்ஷ்மிநாராயணன் ஆராய்ச்சி அலுவலகத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். அவருடைய வெள்ளைக் கார் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்; ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்குப் போகும். மாசியில் அதற்கு டயர் தேய்ந்தது. கேளம்பாக்கத்தில் கிடைக்காத டயரா? கிடைக்கும். ஆனால் கிடைக்கிற பொருளை வாங்குவதற்கா அவர் அவ்வளவு படித்தார்? ஆராய்ந்தார், அலசினார், ஆறு வாரம் உறக்கம் துறந்தார். முடிவில் ஜெர்மனியிலிருந்து நான்கு டயர் வரவழைத்தார். கோடைக்காலத்துக்கென்றே செய்த அதிவேக டயர்.

அதே நேரத்தில் அவருடைய மனைவி சியாமளா அம்மாவின் தம்பி, நாவலூர் கம்ப்யூட்டர் கம்பெனியில் பணிபுரியும் கோதண்டராமன், அக்காள் காருக்கு டயர் இல்லை என்று கேள்விப்பட்டு உள்ளம் உருகினார். உருகிய உள்ளத்தோடு இத்தாலியிலிருந்து நான்கு டயர் வரவழைத்தார். அதுவும் கோடை டயர். அதுவும் அதிவேகம். தாம்பூலத் தட்டில் வைக்க முடியாததால் தரையில் வைத்து, "அக்கா, பொறந்தாத்து சீர்" என்றார்.

பிறந்த வீட்டுச் சீரை மறுக்க முடியுமா? பட்டுப்புடவை என்றால் பெட்டியில் வைக்கலாம். வெள்ளிச் செம்பு என்றால் அலமாரியில் வைக்கலாம். டயரை எங்கே வைப்பது? எட்டு டயரும் கட்டிலுக்கடியில் போயின. தேய்ந்த டயரிலேயே கார் கோயிலுக்குப் போயிற்று. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று, புரட்டாசி போயிற்று. கோடை டயர் கட்டிலுக்கடியில் கிடக்க, கோடை வெளியே தன்பாட்டுக்கு வந்து போயிற்று.

கோடை டயர் என்கிறார்களே, நமக்கு எப்போது கோடை இல்லை? குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துவிடுமாம். மார்கழி வந்தால் என்ன செய்வது என்று லக்ஷ்மிநாராயணன் இந்த மேடையில் கவலைப்பட்டார். ஐயா, படூரில் ஏழு டிகிரியைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும். காரை ஃப்ரிட்ஜுக்குள் நிறுத்துவதாக இருந்தால் சொல்லுங்கள், தீர்ப்பை மாற்றி எழுதுகிறேன்.

அதிவேகம் என்கிறார்களே, எவ்வளவு வேகம்? மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் தாங்குமாம். வானில் பறக்கும் வல்லமை, வளைவில் வழுக்காத வலிமை, வெயிலில் வேகாத வைரம். அப்பேர்ப்பட்ட டயர் கேளம்பாக்கம் சந்திப்பில் எதற்குப் பின்னால் நிற்கிறது? தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்கிறது. லாரிக்கு முன்னால் என்ன நிற்கிறது? எருமை நிற்கிறது. எருமையின் வேகம் எவ்வளவோ, ஜெர்மனியின் வேகமும் அவ்வளவே. இத்தாலியின் வேகமும் அவ்வளவே. அங்கே மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

பின்னாலிருந்து ஒரு தம்பி, "தீர்ப்ப சொல்லு பெருசு, பசிக்கிது" என்கிறார். தம்பி, டயர் எட்டும் ஏழு மாதம் காத்திருந்தன. உன் வயிறு இன்னும் கொஞ்சம் காத்திருக்கக் கூடாதா?

ஐப்பசியில்தான் இந்த இரு மேதைகளுக்கும் ஞானம் பிறந்தது. புருஷன் மானம் போகக் கூடாது. பிறந்த வீட்டு மானமும் போகக் கூடாது. ஆகவே இடப்பக்கம் இரண்டு ஜெர்மனி, வலப்பக்கம் இரண்டு இத்தாலி. நம்மைப் போன்றவர்கள் செய்தால் இதற்குப் பெயர் கோணங்கித்தனம். படித்தவர்கள் செய்ததால் இதற்குப் பெயர் ஒப்பீட்டு ஆராய்ச்சி. ஒரே கார், ஒரே சாலை, ஒரே மழை, ஒரே ஓட்டுநர், டயர் மட்டும் வேறு. இதைவிட நேர்மையான சோதனை உண்டா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, சியாமளா அம்மாவையும் மகள் வைஷாலியையும் பின்னால் உட்காரவைத்து, மாமல்லபுரம் தலசயனப் பெருமாளைச் சேவிக்கப் புறப்பட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை. முதல் மழை. கோவளம் தாண்டியதும் லக்ஷ்மிநாராயணன், "எல்லாரும் பிடிச்சுக்கோங்கோ, இப்போ பிரேக் சோதனை" என்று சொல்லிக் காலை ஓங்கி அழுத்தினார்.

ஜெர்மனி நின்றது. இத்தாலி நிற்கவில்லை. பாதிக் கார் நின்று பாதிக் கார் ஓடினால் என்ன ஆகும்? தட்டாமாலை ஆகும். கார் இடப்பக்கம் சுழன்று, சாலையை விட்டிறங்கி, சவுக்குத் தோப்பு மணலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. நல்லவேளையாக யாருக்கும் கீறல் இல்லை. புளியோதரைக்கு மட்டும் சேதம்.

அப்போது இந்த இருவரும் என்ன செய்தார்கள்? பின்னால் திரும்பிப் பார்த்தார்களா? இறங்கினார்கள். மழையில் குந்தி உட்கார்ந்தார்கள். டயரைத் தடவினார்கள்.

"என் டயர்தான் கப்புனு பிடிச்சுது. வண்டி என் பக்கம் வந்திருக்கு பார்," என்றார் ஒருவர்.

"அத்திம்பேர், ஒங்க டயர் முரண்டு பிடிச்சுது. என்னோடது ஒழுங்கா ஓடித்து. நிக்கறதுக்கு எதுக்கு டயர், செங்கல் போறுமே," என்றார் மற்றவர்.

கடற்கரையிலிருந்து மீன்கூடையோடு வந்த அம்சா என்ற அம்மாள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா சாமி, கார மண்ணுல சொருவிட்டு டயர நீவிகினு கீறீங்க. உள்ள ரெண்டு பொம்பளைங்க கீறாங்க, கதவயாவது தொறந்து வுடுங்க," என்றார்.

"இரும்மா, எந்தப் பக்கம் இழுத்துதுன்னு பாத்துண்டிருக்கோம்."

"எந்தப் பக்கமா? சவுக்குத் தோப்பு பக்கம் இழுத்துது. இத கண்டுபுடிக்க ரெண்டு ஆளா?" என்று சொல்லிவிட்டு, அம்சா கூடையை இறக்கினார். நான்கைந்து பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். வைஷாலி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். காரைப் பின்னோக்கி எடுத்தாள். இருவரும் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்ததால் வீடு வரையும் அவளே ஓட்டினாள். மெதுவாக ஓட்டினாள். எருமைக்கு வழிவிட்டு ஓட்டினாள். கார் ஒரு முறையும் சுழலவில்லை.

இதிலிருந்து தந்தையார் கண்ட முடிவு என்ன தெரியுமா? "இப்பேர்ப்பட்ட டயரே வழுக்கறதுன்னா, இது பொண்ணு ஓட்டற ரோடா?" என்பதுதான். சுழற்றியவர் அவர். மீட்டவள் அவள். தடை யாருக்கு? அவளுக்கு. எந்த டயர் சிறந்தது என்று முடிவாகும் வரை யாரும் தொடக் கூடாது என்று காருக்கு உறை போட்டு மூடிவிட்டார்.

அவையோரே, இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். இனிக் கொஞ்சம் சிரிக்காமல் கேளுங்கள். கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வைஷாலிக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை முதல் மணி அடிக்கும்போது அவள் அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. படூரிலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர், அங்கிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து கருங்குழி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் இவளுக்காகவே காத்திருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. லைசென்ஸ் கைப்பையில் இருக்கிறது. கார் உறைக்குள் இருக்கிறது. இடையில் என்ன இருக்கிறது? இந்த மேடை இருக்கிறது. இந்த வாதம் இருக்கிறது. "என் டயர், உன் டயர்" என்ற இந்த வீண் வீறாப்பு இருக்கிறது.

நான் இருவரையும் கேட்கிறேன். உங்கள் டயர் தண்ணீரைக் கிழிக்கும் என்றீர்கள். அந்தப் பெண் இரண்டு மாதமாகச் சிந்தும் கண்ணீரைத் துடைக்குமா? உங்கள் டயர் இருநூற்று நாற்பதில் பறக்கும் என்றீர்கள். ஒரு பெண்ணை அவள் வேலைக்கு நாற்பதில் கொண்டுபோய்ச் சேர்க்காத டயர், அது ஜெர்மனியில் பிறந்தால் என்ன, இத்தாலியில் பிறந்தால் என்ன? எந்த மண்ணில் பிறந்தது என்று பார்த்தீர்களே, எந்த மண்ணில் ஓட வேண்டும் என்று பார்த்தீர்களா? யாருக்காக ஓட வேண்டும் என்று பார்த்தீர்களா?

தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐயா, முடித்துவிடுகிறேன். இதோ தீர்ப்பு.

டயர் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்ல நான் எதற்கு? காரோடு வந்த புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறதாம். வைஷாலி மூன்று முறை படித்துக் காட்டினாளாம். "புஸ்தகம் கெடக்கட்டும், நாங்க பிரத்யட்சமா பாத்துடறோம்" என்றார்களாம் அப்பாவும் மாமாவும். பார்த்தார்கள், சவுக்குத் தோப்பைப் பார்த்தார்கள். எந்த ஊர் டயராகவும் இருக்கட்டும், நான்கும் ஒன்றாகப் பூட்டி, நாளைக் காலை வைஷாலி ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

லக்ஷ்மிநாராயணன் கையை உயர்த்துகிறார். கேளுங்கள் ஐயா. "எந்த டயரை மாட்டறதுன்னு முடிவாகாம எப்படிப் பூட்டறது?" என்கிறார். நல்ல கேள்வி. கோதண்டராமனும் தலையாட்டுகிறார். அத்திம்பேரும் மைத்துனரும் ஒத்துப்போனதை இன்றுதான் பார்க்கிறேன்.

சற்று அமைதி. வாசலில் ஹாரன் கேட்கிறதா? மறுபடியும் கேட்கிறது. பதற வேண்டாம், உட்காருங்கள். அது உங்கள் கார்தான்.

பெரியோர்களே, எழுத்துக் கூட்டி எழுதுகிறவன் எவ்வளவு நீளமாக எழுதிவிட முடியும்? நான் எழுதிவந்த உரை ஒரு பக்கம். எஞ்சியதெல்லாம் மனத்திலிருந்து வந்தது. ஏன் இப்படி இழுத்தேன்? மேடை ஏறும் முன் சியாமளா அம்மா என்னிடம் வந்தார். "அண்ணா, ஆத்துக்காரர் ஒரு பக்கத்து டயரைப் பாத்தார், தம்பி இன்னொரு பக்கத்து டயரைப் பாத்தான், நடுவில இருக்கற பொண்ணை யாரும் பாக்கலை. நாங்க டயர் கடைக்குப் போயிட்டு வந்துடறோம். அதுவரைக்கும் இவா ரெண்டு பேரையும் நாற்காலிய விட்டு எழுந்துக்காம பாத்துக்கோங்கோ," என்றார். கட்டிலுக்கடியிலிருந்து ஒரே ஊர் டயராக இரண்டை எடுத்து டிக்கியில் போட்டுக்கொண்டு, உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தாயும் மகளும் கேளம்பாக்கம் போனார்கள். இதோ திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது நான்கும் ஒன்று.

எந்த ஊர்? புறப்படும்போதே கேட்டேன். "எது மழைக்குச் சரியோ அது" என்றாள் வைஷாலி. அது எது என்று இந்த மேடையில் சொல்லமாட்டேன். சொன்னால் வென்றவருக்குப் பெருமையடிக்க ஒரு வருடம், தோற்றவருக்கு மேல்முறையீடு செய்ய ஒரு வருடம். வேண்டுமானால் இருவரும் வாசலுக்குப் போய்க் குந்திப் படித்துக்கொள்ளலாம். எழுத்து வட்டமாக ஓடும். பொறுமையாகச் சுற்றி வாருங்கள். ஏறிப் பார்க்கவும் தடை இல்லை. ஆனால் பின்னால்தான் இடம் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்கிறது.

கருத்து இல்லாதவனைக் கூப்பிட்டு ஒரு கருத்தோடு அனுப்பிவைக்கும் தலைவருக்கும், கடைசிவரை எழுந்துபோகாத உங்களுக்கும் என் நன்றி. பாதியிலேயே எழுந்து டயர் கடைக்குப் போன அந்த இரண்டு பேருக்கும் என் வணக்கம்.