மூச்சு வாங்குறவருக்கு ஏத்த பாதை

இத எனக்கு மொதல்ல சொன்னது எங்க வீட்டுக்காரருதான் தம்பி. கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்த வருஷம், மலையில எல செவந்திருந்த நேரம். பாரு தோமி, மலையில ஏறுறவங்கதான் ஒசத்தி, எறங்குறவன் மந்திரியே ஆனாலும் ஓரமா ஒதுங்கி நிக்கணும், அவங்க தாண்டிப் போற வரைக்கும் அசையக் கூடாதுன்னாரு. சொன்னதோட விட்டாரா? அன்னைக்கே ஒரு தேரை கீழ இருந்து தத்தி ஏறி வந்துச்சு. அதுக்கும் ஒதுங்கி நின்னாரு. அது ரெண்டு தத்து தத்தும், உக்காந்து யோசிக்கும். முதுகுல மூட்டையோட இவரும் நின்னாரு, புதுப் பொண்ணு நானும் நின்னேன்.

அட, உக்காருங்க. பஸ்ஸ விட்டு எறங்கி நம்ம கடைக்கு நாலு படி. அதுக்கே இப்படி மூச்சு வாங்குதே உங்களுக்கு. டீயக் குடிங்க மொதல்ல. எந்தப் பாதையில போறதுன்னுதானே கேட்டீங்க? சொல்றேன்.

போன்ல என்ன போட்டிருக்கு? அருவிப் பாதை லேசுன்னு ஒரே ஒரு நட்சத்திரமா? யாரு போட்ட நட்சத்திரம் அது? இங்க வந்து நடந்து பாத்தா போட்டாங்க? எல்லாம் எங்க வீட்டுக்காரரு எழுதி வெச்ச பலகையப் பாத்துப் போட்டிருப்பாங்க. குன்பெய்னு பேரு அவருக்கு. இந்த மலையில எந்த எடத்துக்கு எவ்வளவு நேரம், எது லேசு, எது கஷ்டம்னு பலகை எழுதி நடுறது அவருதான். எழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா கணக்கு முச்சூடும் அவரு காலுக்கு. அவரு காலு மனுசக் காலா? ஆட்டுக் காலு. அருவிப் பாதைக்கு என்ன எழுதியிருக்காரு தெரியுமா? கொழந்தைகளும் போகலாம்! எந்தக் கொழந்த போச்சு? எங்க பொண்ணு சயோ போனா, அதுவும் என் முதுகுல.

போன வருஷம் ஒசாகாவுல இருந்து புதுசாக் கல்யாணமானவங்க வந்தாங்க, பலகைய நம்பி ஏறிட்டாங்க. போறப்ப கை கோத்துக்கிட்டுப் போனவங்க வர்றப்ப தனித்தனியா வந்தாங்க. அந்தப் பொண்ணு இதே பெஞ்சில உக்காந்து, எங்கம்மா அப்பவே சொன்னாங்கன்னு அழுவுது. எனக்கு மனசு கேக்கல. இந்த வசந்தத்துல, குளுருக்கு மூடுன மலையத் தொறக்குற பூசைக்கு மொத நாளு, பிரஷ்ஷ எடுத்துட்டுப் போயி பலகைக்கு அடியில எழுதிட்டேன். இது குன்பெய் காலுக்கு எழுதுனது, உங்க காலுக்கு ரெண்டு மடங்கு நேரம்னு.

சிரிக்கிறீங்கல்ல? ஊரும் இப்படித்தான் சிரிச்சுது. பூசாரியே மந்திரம் சொல்றத நிறுத்திட்டு, குன்பெய், உன் காலுக்கும் சேத்துத்தான் பூசையாப்பான்னுட்டாரு. இவரு மூட்டையக் கட்டிக்கிட்டு மேல மலையேறுறவங்க தங்குற எங்க விடுதிக்குப் போனவருதான். கோடையில பெரியவங்க ஆவியெல்லாம் வீடு வர்ற பண்டிகைக்கு எங்க மாமனாரு ஆவிகூட வந்துட்டுப் போச்சு. இவரு எறங்கல. சாமான் சொமக்குற ஆளுகிட்ட ஊறுகா குடுத்தனுப்பினேன். சாடி திரும்பி வந்துச்சு, கழுவிச் சுத்தமா. ஒரு நன்றி, ஒரு திட்டு, எதுவும் இல்ல. திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். இன்னைக்குத்தான் குளுருக்கு விடுதிய மூடிட்டு எறங்குறாரு.

சரி, அது கெடக்கட்டும். பாதையப் பாப்போம். நீங்க வந்த காலத்தையும் பாக்கணும்ல. இந்த மலை மாமியா மாதிரி, மாசத்துக்கு ஒரு கொணம். மே மாசம் கீழ பூவக் காட்டிச் சிரிக்கும், மேல போனா இடுப்பளவு பனி. ஜூன் மழைக்கு அட்டை. சாக்ஸக் கழட்டுனா ஊர்க் கூட்டமே அங்கதான் நடக்கும். ஆகஸ்டுல காலையில வானம் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கும், மத்தியானச் சோறு உண்டு முடிக்கிறதுக்குள்ள இடி தலையில நிக்கும். குளுரு காலத்துல பாதைக்கே லீவு. இதோ இப்ப, எல செவக்குற இந்தக் கொஞ்ச நாளுதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு. அதுலயும் பாத்துத்தான் போகணும்.

அருவிப் பாதை வேணாம். விழுந்த எலையெல்லாம் நனைஞ்சு பாறை மேல ஒட்டிக் கெடக்கு, எண்ணெ தடவுன மாதிரி வழுக்கும்.

கொரங்குப் பாதையா? சோத்துருண்ட வெச்சிருக்கீங்கல்ல பையில? வாசன இங்க வருதே. அப்புறம் அது உங்களோடது இல்ல. போதாததுக்குக் கரடிங்க வேற குளுருக்கு முன்னாடி ஓக் மரத்துக் கொட்ட தின்னு கொழுக்குறது அந்தப் பக்கந்தான்.

விளிம்புப் பாதையில நேத்தே மேல வெள்ளையா பனி விழுந்துடுச்சு. மொத பஸ்ல ரெண்டு பசங்க வந்தாங்க, ஷூவுக்கு மாட்டுற இரும்புப் பல்லு, கயிறுன்னு எல்லாம் வெச்சிருந்தாங்க, அவங்கள அங்க அனுப்பிட்டேன். ஜிஸோ சாமி பாதையில போறோம் பாட்டின்னாங்க. வேணாம்யா, உங்க வேகத்துக்கு அது ஒரு பாதையான்னுட்டேன். டீ ஆறுறதுக்குள்ள கண்ணுல இருந்து மறைஞ்சுட்டாங்க. உங்க ஷூவுல இன்னும் கட வாசனயே போகல தம்பி. கோவிச்சுக்காதீங்க.

உங்களுக்கு ஜிஸோ பாதைதான். நல்ல நெழலு, மண்ணுப் பாதை, ரெண்டு பக்கமும் மேப்பிள் மரம் சும்மா தீ மாதிரி நிக்கும். ஏறிப் போனா வழிப்போக்கரக் காக்குற ஜிஸோ சாமி கல்லுல இருப்பாரு, கழுத்துல செவப்புத் துணி. நான் தெச்சுப் போட்டதுதான். கும்பிட்டுக்கோங்க. அங்க மேல இருந்து எறங்குற பாதை ரெண்டாப் பிரியும். ஒண்ணு நீங்க ஏறி வந்தது. இன்னொண்ணு மலைக்கு அந்தாண்டப் பக்கம் எறங்கி ரயிலடிக்குப் போறது. நீங்க ரெண்டையும் விட்டுட்டு இன்னும் கொஞ்சம் மேல போங்க. வேரெல்லாம் படிக்கட்டு மாதிரி பின்னிக் கெடக்குற ஒரு ஏத்தம் வரும். ஒரு ஆளு அகலந்தான். கஷ்டமில்ல, ஆனா வேகமாப் போக முடியாது. அது முடிஞ்சதும் திரும்பிடுங்க. உச்சியெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

அந்த ஏத்தத்துல ஏதாச்சும் பாக்குறதுக்கு இருக்கான்னா கேக்குறீங்க?

ஒண்ணுமில்ல தம்பி. நேத்து சயோ போன் பண்ணினா. அவ அந்தாண்டப் பக்கம் டவுன்ல இருக்கா. அம்மா, அப்பா ரயிலடிப் பக்கமா எறங்கி இங்க வர்றாராம், குளுரு முடியற வரைக்கும் இங்கதானாம், ரூமு ஒழிச்சு வெக்கச் சொன்னாருன்னா. சரிம்மா, வெய்யின்னேன். வேற என்ன சொல்ல?

எம் முட்டி இப்பல்லாம் ஏத்தம் ஏறாது, இல்லன்னா நானே போயிருப்பேன். போன் பண்ணினா எடுக்க மாட்டாரு. ஆள அனுப்பினா நிக்க மாட்டாரு, வணக்கம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருப்பாரு. ஆனா ஒருத்தரு கீழ இருந்து ஏறி வந்தா? அதுவும் அவரு எறங்குற அந்த ஒரு ஆளு அகலப் பாதையில? நின்னுதானே ஆகணும்! தேரைக்கே நின்ன மனுசன்.

அதான் காலையில வெளக்கேத்தி மலையம்மாவக் கும்பிட்டேன். தாயே, இன்னைக்கு ஒரே ஒரு ஆள, நல்லா மெதுவா ஏறுற ஆளா அனுப்பி வையின்னு. மொத பஸ்ஸப் பாத்ததும் எனக்கு மனசே விட்டுப் போச்சு, ரெண்டும் மானு மாதிரி குதிக்குதுங்க. அடுத்த பஸ்ல நீங்க எறங்கினீங்க. நாலாவது படியில இடுப்புல கை வெச்சு நின்னீங்க பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

இந்தாங்க, கரடி மணி. பையில கட்டிக்கோங்க. சத்தம் கேட்டாலே தூரத்துல இருந்தே ஒதுங்கிடுவாரு. கரடியத்தான் சொல்றேன். ம், அவருந்தான்.

வணக்கம் சொல்லுங்க. அவரு தலையக் குனிஞ்சு நிப்பாரு. அப்ப சொல்லுங்க, கீழ கடையில சேப்பங்கெழங்கு சூப்பு கொதிக்குதுன்னு. பலகையில நான் எழுதினத அழிக்க மாட்டேன், அது உண்ம. ஆனா பக்கத்துல வெறும் பலகை ஒண்ணு நட்டு வெச்சிருக்கேன், எங்கையெழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கு, எழுத ஆளில்லன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.

காசெல்லாம் வேணாம், எடுத்து உள்ள வைங்க. கெளம்புங்க, வெயிலு ஏறிடுச்சு.

அந்த வேரு ஏத்தத்துல மட்டும், எனக்காகக் கொஞ்சம் மெதுவா ஏறுங்க தம்பி.