முன்கேட்டில் ஒரு கேமரா

— கேமராவை உள்ள வையுங் மேடம். இது தனியார் எடம். கேட்டைத் தாண்டிக் கால வெச்சா அப்பறம் நான் பொறுப்பில்லீங்.

— நான் நிக்கறது ரோடு, ஆறுமுகசாமி அண்ணா. ஸ்வல்ப நகருங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க.

— எம்பேரு எப்படிங் தெரியும்?

— சட்டைல கார்டு தொங்குதே, சூப்பர்வைசர்னு, பேரோட. நான் பிரதிபா. விஜயநகர்ல இருக்கேன். போட்டோகிராபர்.

— அதுதான் தெரியுதே. கழுத்துல ஒண்ணு, தோள்ல ஒண்ணு. கல்யாண மண்டபத்துக்குப் போறவங்க வழி தப்பி வந்தாப்பல இருக்குது.

— கல்யாணம் எடுக்கறதில்ல. எங்கப்பா ரயில்வே. பேங்க் பரீட்சை எழுதுடின்னார். நான் கல் குவாரிக்குப் போனேன். இப்ப தலை நரைச்சாச்சு, இன்னும் அதே வேலைதான்.

— குவாரில உங்களுக்கென்னுங் வேலை?

— தூசியைத் தின்னு நெஞ்சு அடைச்சுக் கிடந்தவங்களைப் படம் எடுத்தேன். இங்கயும் அதே மாதிரிதான் வந்திருக்கேன். நேத்து உங்க கட்டடத்துச் சாரம் சரிஞ்சு ரவிக்குமார்னு ஒரு கொத்தனார் விழுந்தார். இடுப்பு ஒடஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்காம தகரக் கொட்டகைல போட்டு வலிக்கு ஊசி குத்தறீங்க. ஹௌதா? நிஜந்தானே?

— கெரகம்! ஆருங் சொன்னது?

— யாரோ சொன்னாங்க. இல்லன்னு சொல்லுங்க, போயிடறேன்.

— ஆஸ்பத்திரின்னா கேசாயிரும்ங்கறாரு மொதலாளி. நாஞ் சொன்னா அவரு கேப்பாருங்களா? டேய், எல்லாரும் இங்க வாங்கடா! பின்னால நிக்கறவனையும் கூப்புடு! இந்தம்மாளை என்னொருத்தனால நிறுத்த முடியல!

— ஒரு பொம்பளைக்கு இத்தனை வாட்ச்மேனா? வரட்டும். வரிசையா நில்லுங்கப்பா, நடுவுல இருக்கறவர் தொப்பியைச் சரி பண்ணிக்கோங்க.

— வெளையாடாதீங் மேடம். புடுங்கி ஒடைச்சுப் போடுவானுக.

— ஒடைக்கட்டும். குண்டலுபேட்டைல ஒரு கேமரா ஒடஞ்சுது. தோட்டத்துல மருந்தடிக்கற பொண்ணுங்களோட கை வெந்து கிடந்ததை எடுத்தேன்னு. மறுநாள் வேற கேமராவோட போனேன். நீங்க எந்தப் பக்கம்? பேச்சு ஹனூர்ப் பக்கம் மாதிரி இருக்கு.

— கோபிநத்தத்துக்குப் பக்கமுங்.

— அட! மல்லம்மாவைத் தெரியுமா? யானை சுவரைத் தள்ளின வீட்டு முன்னாடி, மிஞ்சின கதவுல சாஞ்சு நின்னாங்களே.

— அந்தப் படம் நீங்க எடுத்ததுங்களா? பேப்பர்ல வந்தப்பறந்தானுங் அவிங்களுக்கு வீடு கெடச்சுது! எங்க சின்னம்மா ஊட்டுக்கு அடுத்த ஊடு.

— நான்தான். எனக்குக் கோழிக்குழம்பும் ஊத்திட்டு, "என்னத்துக்குடி இப்படி ஊர் ஊராத் திரியறே"ன்னு திட்டினாங்க.

— நானும் அதத்தான் கேக்கறனுங். படம் புடிச்சா ஆராச்சும் பொழைக்கறாங்களா?

— சில பேர் பொழைச்சாங்க. ஒரு குவாரில மூடி வெச்சிருந்த குடிதண்ணிக் கிணத்தைத் திறந்து விட்டாங்க. அதே குவாரில ஒருத்தரை நான் எடுத்த படத்துக்கு டெல்லில பரிசு குடுத்தாங்க. வாங்கிட்டு வந்து காட்டலாம்னு போனேன். அவர் போய்ச் சேர்ந்துட்டார். படம் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணா. படத்துக்கு மூச்சு விட வராது.

— அதுக்கு நீங்க என்னுங் பண்ணுவீங்க?

— அதைத்தான் வழியெல்லாம் யோசிச்சேன். இருங்க, போன் வருது. சொல்லு மகேஸ்வரி. ஏத்தியாச்சா? ரிங் ரோடு தாண்டியாச்சா? அவர் பேசறாரா? தண்ணி குடுக்காதே, டாக்டர் பாக்கட்டும். ஆஸ்பத்திரி வாசல்ல சௌம்யா டாக்டர் நிப்பாங்க. அழாதே. வெச்சுடறேன்.

— ஆருங் மேடம் மகேஸ்வரி?

— ரவிக்குமாரோட பொண்டாட்டி. காலைல எனக்குப் போன் பண்ணினது அவதான். நாம இங்க பேசிட்டிருந்த நேரத்துல, கூட வேலை செய்யறவங்க நாலு பேர் அவரைப் பலகைல படுக்க வெச்சு, பின்கேட் வழியா ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. எல்லா வாட்ச்மேனும் என்னைத்தானே பாத்துட்டிருந்தாங்க.

— அப்ப இந்தக் கேமராவுங்?

— இன்னிக்கு ஒரு படமும் எடுக்கல. உள்ள மெமரி கார்டே போடல. இத்தனை வருஷத்துல கேமராவை மாட்டிட்டு வந்து ஒண்ணும் எடுக்காதது இன்னிக்குத்தான். இதைவிட நல்ல வேலை செஞ்சதா ஞாபகமும் இல்ல. இப்ப ஒடைக்கணும்னா ஒடைச்சுக்கோங்க.

— மெதுவாப் பேசுங் மேடம், வாட்ச்மேனுக பாக்கறானுக. சிரிக்காதீங்க. சத்தமா என்னையத் திட்டுங்க, இன்னுங் கொஞ்ச நேரம். பின்கேட்டுப் பூட்டை ஆரு தொறந்து வெச்சதுன்னு மொதலாளி கேக்கறப்ப, நான் இங்க உங்களோட சண்டை போட்டுட்டு இருந்தேன்னு இவனுக எல்லாஞ் சாட்சி சொல்லோணுமல்லங்க?