காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

மாலை ஏழு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூடிப்போன கல்குவாரியை ஒட்டிய சாலை... முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் 'உச்' கொட்டக் கூடாது.

என் நண்பனின் மைத்துனர் லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கு நிறைமாதம். ஆத்திர அவசரத்துக்கு ஆகுமே என்று ஒரு பழைய செடான் காரை அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தார். அன்றைக்கு அதில் தனியாக வந்துகொண்டிருந்தார். குவாரி வளைவு வந்தது...

டிங். டிங். டிங்.

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அது. சீட் காலி. கூடவே ஈரத்துணி வாடை.

மறுநாளும் அதே வளைவு, அதே மணி. லிஃப்டில் சத்தம் வந்தால், "ஆள் ஏறாம அலாரம் அடிக்காது சார்" என்று அடித்துச் சொல்கிறவர் அவர். சொந்தக் கார் என்று வந்ததும், சென்சார் கெட்டுவிட்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

பெல்ட் மட்டும் சீட்டோடு படியவில்லை... ஒரு சாண் முன்னால் தள்ளியே நின்றது. அதற்குப் பிறகு அவர் அதைக் கழற்றவே இல்லை. நிறைமாதக்காரி பயந்துவிடுவாளே என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

பிரசவ வலியில் அதே காரில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் எதையும் கவனிக்கவில்லை. பெண் குழந்தை. வீட்டுக்குத் திரும்பும் அன்று, பிள்ளையோடு பின்சீட்டில் ஏறியவள் முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, யாரையோ கட்டிப் போட்ட மாதிரி... கழட்டி விடுங்க."

கழற்றினார். பெல்ட் சர்ரென்று உள்ளே ஓடியது.

வேறு வழி கிடையாது, குவாரிச் சாலைதான். இருட்டிக்கொண்டு வந்தது. வளைவில் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார்... மணி அடிக்கவில்லை. தாண்டியும் அடிக்கவில்லை. அப்பாடா, தொல்லை விட்டது! அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கண்ணாடியில் பார்த்தார். மனைவியின் தலை மட்டும் கதவோரம் தெரிந்தது. தூக்கக் கலக்கம்.

"ஏம்மா இப்படி ஒடுங்கி உக்காந்திருக்க? அவ்ளோ இடம் இருக்கே."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தள்ளி உக்காருன்னு நீங்கதானே சொன்னீங்க... பாப்பாவையும் வாங்கிக்கிட்டீங்க."

பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தார். அவள் மடி காலி. பக்கத்தில்... சீட்டுக்கு ஒரு சாண் மேலே, குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.