உள்ளங்கைச் சூடு

எனக்குப் பிறவியிலேயே உள்ளங்கை சூடு. குளிர்காலத்தில் விடுதிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி எனக்கு "அடுப்பு அக்கா" என்று பெயர்கூட வைத்தாள். நட்டுவாங்கத்துக்கு இந்தச் சூடு நல்லது. ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொற்கட்டு சொல்லி, இரண்டு சின்னத் தாளங்களைத் தட்டி அவர்கள் பாதங்களை நடத்துகிற வேலை அது. குளிர்ந்த கையில் தாளம் வழுக்கும். எனக்கு ஒருநாளும் வழுக்கியதில்லை.

விசாரணை முடிந்த அன்று நீங்கள் இந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டீர்கள், மேடம். "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. அதிர்ச்சியில கை தானா ஓடியிருக்கு. போய் நிம்மதியா தூங்கு" என்றீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள். நான் நன்றாகத் தூங்கவும் செய்தேன். ஆனால் அந்த வார்த்தை செருப்பில் ஏறிய முள் மாதிரி கூடவே வருகிறது. என் கை எப்போதும் தானாக ஓடியதில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

தும்பியை நீங்கள் மேடையில் பார்த்திருப்பீர்கள். நம் பல்கலைக்கழக நடனக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஓர் இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். நான் ஆய்வு மாணவி, குழுவுக்கு மூத்தவள். விடுதியில் என் அறையிலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. குழாயைத் திறந்தால் மூட மறந்துவிடுவாள். கதவைத் தட்டினால் திறக்கமாட்டாள். "ரொம்பத் திமிருடி இவளுக்கு" என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் ஒத்திகையில் பாட்டு நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அறைக்கு வந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "உங்கம்மா செத்துட்டாங்க" என்றேன். அவள் தலைவாரிக்கொண்டே இருந்தாள். வேறு எதைச் சொல்லிப் பார்த்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் தீர்ந்திருக்காது.

பிறகு அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, எனக்குத் தெரிந்துவிட்டது என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். ஓவென்று அழுதாள். "கொஞ்சம் கொஞ்சமா கேக்காமப் போயிடுச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. குழுவுலேர்ந்து எடுத்துடுவாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாங்க" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

உண்மையாகவே இருந்தேன். மேடையில் அவள் கண்ணுக்கு என் கை எப்போதும் தெரியும்படி உட்கார்ந்தேன். பேசுவதற்கு முன்னால் தோளைத் தொடுவேன். திரும்பாமலே என்னைத் தெரிந்துகொள்வாள், சூட்டை வைத்து. இரண்டு தாளங்களையும் சேர்த்து நெஞ்சோடு அழுத்தினால் "நிறுத்து, என்கிட்ட வா" என்று பொருள். அந்தச் சைகை எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

தொலைபேசியில் அவளால் பேச முடியாது. அதனால் அவளுக்கு வரும் அழைப்புகளையும் நானே எடுத்தேன். அவள் எதிரே உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அம்மாவிடம் நான் அவளாகப் பேசுவேன். "குரல் ஏன்டி ஒரு மாதிரி இருக்கு?" என்று முதல்முறை கேட்டார். "தொண்டை கட்டிக்கிச்சும்மா" என்றேன். அப்புறம் கேட்கவேயில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்பைப் பாத்துக்கோ. ஒருமுறை, "வீட்டை விட்டுப் போனதுக்கப்புறம்தான்டி நீ அம்மாகிட்ட ஒழுங்கா பேசறே" என்றார். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

காது டாக்டரிடமும் நான்தான் கூட்டிப்போனேன். உள்ளே ஒரு சின்ன எலும்பு இறுகிப்போயிருக்கிறது, அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தால் கேட்கும் என்றார். காத்திருப்போர் நிறைய, முறை வரும்போது கூப்பிடுவார்கள். வரும் வழியெல்லாம் தும்பி என் கையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். "மழை சத்தம் கேக்குமாக்கா?" என்றாள். கேட்கும் என்றேன்.

சில மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். தும்பி ஜன்னலருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஆமா, நான்தான் பேசறேன்" என்றேன். "பரீட்சை இருக்கு, இப்ப வேணாம்." மறுபடி கூப்பிட்டார்கள். "வேணாம்னே முடிவு பண்ணிட்டேன். என் பேரை எடுத்துடுங்க." தும்பி திரும்பி, "யாருக்கா?" என்றாள். "தப்பான நம்பர்" என்றேன்.

இதைக் கெட்ட எண்ணத்தில் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. அவள் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அவள் கண்ணில் பக்தி இருக்கிறது என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். பக்தி அல்ல, பயம். என் கையிலிருந்து கண்ணை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம். அதுதான் அவள் முகத்துக்கு அந்த வெளிச்சத்தைக் கொடுத்தது. சில ஒத்திகைகளில் வேண்டுமென்றே கையைக் கொஞ்சம் தாழ்த்தி மறைத்துக்கொள்வேன். அவள் முகம் வெளுத்துவிடும். மறுபடி உயர்த்தினால் உயிர் வரும். கேட்க ஆரம்பித்துவிட்டால் அவளும் குழுவின் மற்ற நான்கு பேரைப் போலப் பாட்டைக் கேட்டு ஆடுகிற இன்னொருத்தி ஆகிவிடுவாள். அவளை அப்படி ஆகவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆண்டு விழா அன்று மத்தியானம் ஒப்பனை அறைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு சேதி. ஆஸ்பத்திரிக்கு நேர்லயே போயிட்டு வந்துட்டேன். என் பேரையே எடுத்துட்டாங்களாம். நான்தான் வேணாம்னு போன்ல சொன்னேனாம். நல்ல கூத்து. எனக்குப் போன்ல பேசவே வராது, நான் எங்க சொன்னேன்? எவளோடயோ என்னைக் குழப்பிட்டாங்க. விடுவேனா? சண்டை போட்டு நாள் வாங்கிட்டேன். அடுத்த வாரம்."

"அவங்க சொன்னது உனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"எழுதிக் காட்டுங்கன்னு கேட்டேன்க்கா. காது கேக்கலைன்னு சொன்னா என்ன, தலையையா எடுத்துடப்போறாங்க? இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் எல்லார்கிட்டயும் சொல்லிடப்போறேன். பாவம் நீங்க, எத்தனை நாள்தான் என்னைக் கட்டி அழுவீங்க. இனிமே உங்களுக்கு விடுதலை."

அந்தச் சொல்லை அவள் பரிசுப் பொட்டலம் மாதிரி என்னிடம் நீட்டினாள். அவளுக்கு என் மேல் துளிகூடச் சந்தேகம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "ரொம்ப சந்தோஷம்டி" என்றேன். உதட்டால் எதையும் சொல்லலாம்.

கொஞ்ச நேரத்தில் லைட்காரர் என்னைத் தனியாக அழைத்தார். மேடையின் பின்பக்கம் விளக்குகள் தொங்கும் நீளமான இரும்புக் கம்பியைக் காட்டினார். "நாடகக்காரப் பசங்க என்னத்தையோ மாட்டி இழுத்து வச்சிருக்கானுங்க. ஒரு பக்கம் இறங்குது. நாளைக்குத்தான் ஆள் வரும். உங்க பொண்ணுங்களைப் பின்னாடி போக விடாதீங்க. முன்னாலயே ஆடி முடிச்சிடுங்க."

"சொல்லிடறேன்ணே" என்றேன்.

சொன்னேன். ஒப்பனை அறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "மேல கம்பி சரியில்ல. யாரும் பின்னாடி போகாதீங்க. தில்லானாவுல பின்னாலேர்ந்து வர்ற இடத்தை விட்டுடுங்க. நடுவுலயே நின்னு ஆடுங்க."

"கம்பி தலையில விழுந்தா எங்கப்பாவுக்குக் கல்யாணச் செலவு மிச்சம்க்கா" என்றாள் ஒருத்தி.

"உன் தலையில விழுந்தா கம்பிதான் வளையும்" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு அடங்கும்வரை அங்கேயே நின்றேன். தும்பி சுவர்ப்பக்கம் திரும்பி, குனிந்து சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோள் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் தொடவில்லை.

விசாரணையில் அந்த நான்கு பேரும் சொன்னார்களே, "அக்கா எல்லாருக்கும் சொன்னாங்க, தும்பியும் அங்கதான் இருந்தா" என்று. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தில்லானாவில் அவர்கள் நடுவிலேயே நின்றார்கள். தும்பி மட்டும் வழக்கம்போலப் பின்னால் போனாள். அங்கே நின்ற இடத்தில் தட்டி, பிறகு என் கையசைவைப் பார்த்து முன்னால் வர வேண்டும். மேலே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. "வெளிய வா, வெளிய வா" என்று லைட்காரர் கத்தினார். சபை எழுந்துவிட்டது. பாடியவள் நிறுத்தினாள். மிருதங்கமும் நின்றது. நான்கு பேரும் மேடையின் பக்கவாட்டுக்கு ஓடினார்கள். என் தாளம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

தும்பி அவர்கள் ஓடியதைப் பார்த்தாள். ஒரு கணம் தடுமாறினாள். பிறகு புருவத்தை உயர்த்தி என்னைக் கேட்டாள். தாளங்களை நெஞ்சோடு அழுத்தியிருந்தால் பறந்து வந்திருப்பாள். முன்னால் வரச் சொல்லும் கையசைவைக் கொடுத்திருந்தாலும் போதும். நேரம் இருந்தது. நான் தலையசைத்தேன், ஆடு என்று. நின்ற இடத்தில் தட்டுகிற கையசைவையே திரும்பத் திரும்பக் கொடுத்தேன். அவள் முகம் தெளிந்தது. சிரித்துக்கொண்டே ஆடினாள். அதைவிட அழகாக அவள் ஆடி நான் பார்த்ததில்லை.

கொல்ல நினைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவள் அந்தக் கூச்சலை நம்புகிறாளா, என் கையை நம்புகிறாளா என்று பார்க்க விரும்பினேன். பார்த்துவிட்டேன். கம்பி விழுந்த பிறகும் அந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் தாளத்தைக் கீழே வைத்தேன். ஓர் அட்சரம்கூடப் பிசகவில்லை. இதைத்தான் நீங்கள் அதிர்ச்சி என்கிறீர்கள்.

அவள் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நீங்கள் மருத்துவமனைக்கு வந்து கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் நான்தான் அவள் தோளைத் தொட்டுத் திருப்பிச் சொன்னேன், நினைவிருக்கிறதா? மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள். "அக்கா சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்" என்றாள். காது விஷயம் வெளியே வந்தால், தெரிந்தும் மறைத்தேன் என்று பழி என் மேல் விழுமாம். உங்கள் கண் முன்னாலேயே அவள் என்னைக் காப்பாற்றினாள். வேறு யாராவது எனக்காக இப்படிச் செய்வார்களா?

அவள் அம்மா வந்து சில நாள் இருந்தார். பேச்சையெல்லாம் நானே நடுவில் இருந்து நடத்திக்கொடுத்தேன். திரும்பிப் போகும்போது, "நீ இருக்கேங்கற தைரியத்துலதான் போறேன் கண்ணு" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. என்னை அனுப்பிவிட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். குளிப்பாட்டுவது, தலைவாருவது, சக்கர நாற்காலியை ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் நான்தான். வெளியில் மழை பெய்தால் தோளைத் தொட்டுக் காட்டுகிறேன்.

நேற்றும் அப்படித்தான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள், விபத்தில் தவறிய காது ஆபரேஷனுக்கு மறுபடி நாள் தருகிறார்களாம். பேசி முடித்தேன். அவள் நிமிர்ந்து, "யாருக்கா?" என்றாள்.

தோளில் கையை வைத்தேன். சூட்டுக்கு இதமாகச் சாய்ந்துகொண்டாள். "தப்பான நம்பர்" என்றேன்.