மூணு புள்ளி ஒண்ணு நாலு வரணும்

...விடை சொல்லக்கூடாதாம் சார்! கணக்கு வாத்தியார் விடை சொல்லக்கூடாதாம்! அப்புறம் எதுக்கு இருபத்தாறு வருஷமா என்னை சாக்பீஸோட நிக்க வச்சிருக்காங்க, அழகுக்கா? நீங்க பாருங்க, நீங்க ஜெராக்ஸ் மெஷினைப் பாருங்க. தாள் எங்க சிக்கியிருக்குன்னு தேடுங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். எனக்கு ஒரே ஒரு லெட்டர், மூணு காப்பி, அவ்வளவுதான். மூணு மணிக்குள்ள ஹெச்.எம். மேடம் மேஜையில இருக்கணும். அந்த ரூம்ல ஒரு பொண்ணோட அம்மா வேற காலையில இருந்து உக்காந்திருக்காங்க. தண்ணிகூட வேண்டாம்னுட்டாங்களாம்.

எல்லாம் அந்த மூணு நாள் பயிற்சியில வந்த வினை. என் பொண்ணு வயசு இருக்கும், ஒரு டிரெய்னரம்மா. கலர் கலரா ஒட்டுற சீட்டு. எங்களை எல்லாம் தரையில வட்டமா உக்கார வச்சுட்டாங்க. முட்டி மடங்காத ஒரு வாத்தியாரு, பாவம், கடைசிவரைக்கும் பாதிதான் உக்காந்தாரு. "பசங்க தானே கேட்டு, தானே தேடி, தானே கண்டுபிடிக்கணும் சார். நீங்க வழிவிட்டு நின்னா போதும்"னாங்க. வழிவிட்டு நிக்க நான் என்ன வாசக் கதவா?

கேள்வி கேட்டா பதில் சொல்லாம, "உனக்கு என்ன தோணுது?"ன்னு திருப்பிக் கேக்கணுமாம். மூணு நாளும் அதையே சொல்லிச் சொல்லி வாயில ஒட்டிக்கிச்சு. வீட்டுல சம்சாரம், "சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கா?"ன்னு கேட்டா. பழக்கதோஷம், "உனக்கு என்ன தோணுது?"ன்னுட்டேன். அப்புறம் ரெண்டு நாள் நானே சமைச்சு நானே கண்டுபிடிச்சேன் சார், உப்பு எவ்வளவுன்னு.

அந்தப் பக்கம் கதவு இருக்கு பாருங்க, அதைத் திறங்க. போன தடவை வந்தவரு அதுலேருந்து பாதி கேள்வித்தாளை உருவினாரு.

சரி, ஊரே ஆடுது, நாமளும் ஆடித்தொலைப்போம்னு நானும் ஒரு பாடம் எடுத்தேன். ஒம்பதாம் வகுப்பு, நாப்பது பேரு. பாக்கறதுக்கு மேலிடத்துலேருந்து மூணு அதிகாரிங்க வர்றாங்க. "வட்டமா இருக்கறது எதையாவது கொண்டு வாங்கடா"ன்னேன். புட்டி மூடி வந்துச்சு, கிண்ணம் வந்துச்சு, தட்டு வந்துச்சு. ஒருத்தன் சைக்கிள் சக்கரத்தையே கழட்டிட்டு வந்துட்டான். சாயங்காலம் மாட்டத் தெரியாம சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டுப் போனான். கண்டுபிடிப்பு!

வேலை என்னன்னா, வட்டத்தைச் சுத்தி நூலை விட்டு, அந்த நூலை அளக்கணும். அப்புறம் குறுக்க, விட்டத்தை அளக்கணும். அதால இதை வகுக்கணும். எந்த வட்டமா இருந்தாலும் மூணு புள்ளி ஒண்ணு நாலுக்குப் பக்கத்துல வந்து நிக்கும். அதைப் பசங்களே கண்டுபிடிச்சு, வாயைப் பிளக்கணும். இதான் திட்டம். ஆனா நான் என்ன ஏமாளியா? கண்டுபிடிக்காமப் போயிட்டா? வந்தவங்க முன்னாடி யார் மானம் போகும்? அதனால முதல் நாளே போர்டுல எழுதிட்டேன். "நாளைக்கு நாம என்ன கண்டுபிடிக்கப் போறோம்? மூணு புள்ளி ஒண்ணு நாலு! எங்க, எல்லாரும் சொல்லுங்க!" சொன்னாங்க. ஆச்சரியப்படறதுக்குக்கூட ஒத்திகை பார்த்தோம் சார். மூணாவது பெஞ்சு "ஆ"ங்கணும், கடைசி பெஞ்சு "அட"ங்கணும்.

சிரிக்காதீங்க. முப்பத்தொம்பது பேரு ஒழுங்கா செஞ்சாங்க. மூடியா, மூணு புள்ளி ஒண்ணு நாலு. தட்டா, மூணு புள்ளி ஒண்ணு நாலு. ஆ! அட! வந்தவங்க மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம்.

ஒருத்தி இருக்கா. சன்னலோரம். நான் அவளுக்கு 'ஏன்மகாராணி'ன்னு பேரு வச்சிருக்கேன், எதுக்கெடுத்தாலும் ஏன், ஏன்! நேரா எழுந்து நிக்கறா. "எனக்கு அப்படி வரல சார்." வந்த மூணு பேரும் ஒரே நேரத்துல நோட்டைத் திறக்கறாங்க! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "சரிம்மா, உனக்கு என்ன தோணுது?"ன்னேன். என்ன சொன்னா தெரியுமா? "அளக்கற கட்டையை இன்னொரு தடவை பாக்கணும்னு தோணுது சார்."

கட்டையைப் பாக்கணுமாம்! தன் கையில குத்தம் இருக்கும்னு தோணல பாருங்க. உக்காருன்னேன். அன்னிக்கே எல்லாக் கட்டையையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். மூணு தடவை இந்த ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னா. "ஒரே நிமிஷம் சார்." முடியாதுன்னுட்டேன். செய்முறைக்கு இருபதுக்கு நாலு போட்டேன். பேருக்கு ஒண்ணு, தேதிக்கு ஒண்ணு, கோடு நேரா போட்டதுக்கு ரெண்டு. தாராளமாத்தானே போட்டிருக்கேன்?

அதுல வந்துச்சு வில்லங்கம். மூணு மார்க் குறைஞ்சு, அடுத்த வருஷம் பத்தாவதுல கணக்குச் சிறப்பு வகுப்புல அவளுக்கு இடம் கிடையாதாம். அந்தப் பொண்ணு கணக்கைத் தவிர எதையும் படிக்கமாட்டேங்குதாம், அம்மாக்காரி சொல்றாங்க. லிஸ்ட்டு இன்னிக்கு ஒட்டுறாங்க. ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "மார்க்கை மாத்துங்க, இல்லேன்னா காரணத்தை எழுதிக் குடுங்க"ன்னாங்க. எழுதிட்டேனே! ஒன்றரைப் பக்கம். 'மாணவியின் கவனக்குறைவே காரணம்.' அதைக் காப்பி எடுக்க வந்தா உங்க மெஷின் வாயை மூடிக்கிச்சு.

அவ நோட்டும் இங்கதான் இருக்கு, பாருங்க கூத்தை. மூடி, மூணு புள்ளி ஏழு. கிண்ணம், மூணு புள்ளி ரெண்டு ஏழு. தட்டு, மூணு புள்ளி ஒண்ணு ஒம்போது. கீழ வியாக்கியானம் வேற: 'பொருள் பெருசாக ஆக, வித்தியாசம் குறையுது. எல்லாத்துலயும் ஒரே அளவு எங்கயோ விட்டுப்போகுதோ? எங்க?' யாரைக் கேக்கறா? என்னையா?

என்ன சார்? ட்ரே அகலம் பாக்கணுமா? டேப்பை வண்டியிலயே விட்டுட்டீங்களா? சரியாப் போச்சு. இருங்க, பீரோவைத் திறக்கறேன்... இந்தாங்க. இதான் அந்தக் கட்டை. ஒரு மீட்டரு. நல்ல உறுதி.

அப்படி இல்ல சார், நுனியிலேருந்து வைங்க. ஏன் தள்ளி வைக்கறீங்க?... பூணா? ஆமா, பித்தளைப் பூண். நான்தான் போடச் சொன்னேன். பசங்க கத்திச் சண்டை போட்டு நுனியெல்லாம் சிதைச்சுட்டானுங்க. தச்சரைக் கூப்பிட்டு எல்லாக் கட்டைக்கும் ரெண்டு நுனியையும் மூடிப் பூண் அடிச்சேன். பழைய ஹெச்.எம். மேடையில வச்சுப் பாராட்டினாரு. நல்லாத்தானே...

என்னது? பூணுக்கு உள்பக்கந்தான் கோடே ஆரம்பிக்குதா?

குடுங்க. குடுங்க இப்படி.

...பூண் கனம் அரை சென்டிமீட்டர். நுனியில வச்சு அளங்கடான்னு சொல்லிக் குடுத்தது நானு. வச்சுக் காட்டினதே நானு. அப்ப எதை அளந்தாலும் அரை சென்டி குறையும். நூல்லயும் குறையும், விட்டத்துலயும் குறையும். சின்ன மூடிக்கு அது பெருசு, தட்டுக்குச் சின்னது. எல்லாத்துலயும் ஒரே அளவு...

தட்டு. விட்டம் பத்தொம்பதரைன்னு எழுதியிருக்கா. கூட அரை, இருபது. நூலு அறுபத்திரெண்டு புள்ளி மூணு. கூட அரை, அறுபத்திரெண்டு புள்ளி எட்டு. வகுங்க. போன்ல வகுங்க சார்!... வேண்டாம், விடுங்க. என்ன வரும்னு எனக்கே தெரியும்.

ஓடுதா மெஷினு? நல்லது. இல்ல இல்ல, அந்த லெட்டரைப் போடாதீங்க! எடுங்க, எடுத்துக் குடுங்க இப்படி. மார்க்கைத்தான் மாத்தணும். பதினெட்டு போடறேன். ஏன்னு பாக்கறீங்களா? கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கே... சரி சரி, முறைக்காதீங்க. இருபது. போட்டாச்சு. அந்தம்மாவை முதல்ல தண்ணி குடிக்கச் சொல்லணும்.

ஆனா இதோட முடியல சார். இந்தக் கட்டையை நான் சொன்னபடி வச்சு அளந்தா யாருக்குமே மூணு புள்ளி ஒண்ணு நாலு வராது. ஒருத்தருக்குக்கூட வராது. முப்பத்தொம்பது பேருக்கு வந்திருக்கு. அளந்தது ஒண்ணு, எழுதினது ஒண்ணு. அத்தனை பேருக்கும் இருபது, சிவப்பு மையில, 'நன்று'ன்னு வேற எழுதியிருக்கேன். கண்ணால பார்த்ததை எழுதினவளுக்கு நாலு. பொய் எழுதக் கத்துக் குடுத்துட்டு அதுக்கு மார்க்கும் போட்டிருக்கேன். வெக்கமா இருக்கு சார். நெஜமாவே வெக்கமா இருக்கு.

அடுத்த பீரியட் அதே வகுப்புதான். எப்படி ஆரம்பிக்கறது? நீங்க ஒண்ணு பண்ணுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் கூட வாங்க. நீங்க வச்சமாதிரி கட்டையை வச்சுக் காட்டுங்க, போதும். நான் ஓரமா நின்னுக்கறேன். அதான் வழிவிட்டு நிக்கச் சொல்லியிருக்காங்களே, நிக்கறேன். உங்களைன்னா பசங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க, என்னை... இருங்க, இந்த நோட்டை மட்டும் எடுத்துக்கறேன். என்ன சார், வர்றீங்களா?

சார்?

...பையைக் காணோம். சர்வீஸ் சீட்டுல கையெழுத்துக்கூட வாங்காமப் போயிட்டாரா மனுஷன்!

மணியும் அடிச்சிருச்சு. நாப்பது பேரு முன்னாடி இதை நானேதான் சொல்லணும்.