அண்ணன் கையால் ஒரு வண்டி

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் எங்கேயும் ஓடி ஒளியவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மரக்காணத்தில் எனக்கு உப்பு வியாபாரம். நடிகர் வெற்றிச்செல்வன் ரசிகர் மன்றத்துக்கு ஒன்றியத் தலைவரும் நான்தான். அண்ணன் படம் வெளியானால் கட் அவுட்டில் ஏறிப் பால் ஊற்றுகிறவன் இந்தச் சரவணகுமார் என்பது ஊருக்கே தெரியும்.

போன மாசியில் எங்கள் உப்பளத்தில் அண்ணனுக்குப் பாட்டு ஷூட்டிங். அதோடு ஒரு நலத்திட்ட விழாவும் வைத்தார்கள். நடக்க முடியாத ஒருவருக்கு அண்ணன் கையால் மூன்று சக்கர ஸ்கூட்டர். ஆளைப் பிடித்துத் தரும் பொறுப்பை மேனேஜர் சார்லஸ் என்னிடம் விட்டார்.

"பார்த்தாலே மனசு உருகணும் சரவணா. ஏற்கெனவே வண்டி வச்சிருக்கறவங்க வேணாம். நெட்ல நாறடிச்சிடுவானுங்க" என்றார்.

எங்கள் ஊரில் நடக்க முடியாதவர்கள் இரண்டு பேர். பாவாடை மாமாவிடம் வண்டி இல்லை. ஆனால் அவர் எந்த மேடையிலும் சிரிக்க மாட்டார். போதாததற்கு வேறொரு நடிகரின் ரசிகர். சகாயமேரிக்கோ முகத்தில் அப்படி ஒரு களை. சின்ன வயதில் போலியோ வந்து கால்கள் சூம்பியவள். கூனிமேடு வரைக்கும் போய்க் கருவாடு விற்று, அந்தச் சம்பாத்தியத்தில் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வாங்கி வைத்திருந்தாள். அது ஒன்றுதான் குறை.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊன்றுகோலோடு சர்ச்சுக்குள் பூசையில் இருந்தபோது, வெளியே நின்ற வண்டியை என் மினி லாரியில் ஏற்றி உப்பு குடோனில் வைத்துப் பூட்டினேன். பிறகு நானே அவளைக் காரில் உட்காரவைத்து இங்கே கூட்டிவந்து புகார் எழுத உதவினேன். வழியெல்லாம் அழுதாள். விழா நன்றாக வரும் என்று அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நன்றாகத்தான் வந்தது. உப்புக் குவியலுக்கு முன்னால் அண்ணன் அவள் கையில் சாவியை வைத்து, "இனிமே நான் இருக்கேன்மா" என்றார். விசில் அடங்கவே இல்லை. என் கண்ணும் கலங்கியது.

கூட்டம் கலைந்ததும் புது ஸ்கூட்டரை வேனில் ஏற்றினார்கள். மறுநாள் கோட்டக்குப்பத்தில் இன்னொருவருக்கு அதையே கொடுக்க வேண்டுமாம். "இவங்களுக்கு வேற அனுப்பறோம்" என்றார் சார்லஸ். சாவியை அவளே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களிடம் இன்னொரு சாவி இருந்தது.

வேறு வண்டி வரவில்லை. பழையதைத் திருப்பியிருக்கலாமே என்பீர்கள். நினைத்தேன். ஆனால் அவள் பழைய வண்டியில் சுற்றினால், அண்ணன் கொடுத்தது எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் வாராவாரம் ஒரு பை அரிசி பருப்பு கொடுத்தேன். வீடியோ எடுக்கும் பூவிழி வந்து சேரும்வரை சாப்பிடாமல் இருக்கச் சொல்வேன். வாடிய முகம் வீடியோவில் நன்றாக விழும்.

கடைத்தெருவில் பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். பங்குச்சாமியார் ஊரில் வசூல் செய்து அவளுக்கு ஒரு வண்டி வாங்கப் பார்த்தார். "அண்ணன் வண்டி வந்துட்டே இருக்குது ஃபாதர், அவசரப்படாதீங்க" என்றேன். எனக்கு ஆசீர்வாதம் கொடுத்தார். வசூலான பணம் சர்ச் கொடிமரத்துக்குப் போயிற்று. அவளுடைய கருவாட்டு வாடிக்கையை வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். சகாயமேரி வெளியே வருவதையே விட்டுவிட்டாள். என் பை வரும் நாளில் மட்டும் வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

நேற்று என் பிறந்தநாள். நானே அவளுக்கு வண்டி கொடுப்பது என்று முடிவு செய்தேன். குடோனில் இருந்த அவள் வண்டியை உப்பு அரிக்காமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். அந்த அக்கறையை யாரும் பேசுவதில்லை. நீல வண்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, முன்னால் என் படத்தை ஒட்டினேன்.

பந்தலில் அவளைத் தூக்கி உட்காரவைத்தோம். ஹேண்டிலைப் பிடித்தாள். பிறகு குனிந்து சீட்டை மோந்து பார்த்தாள்.

"இது என் வண்டிண்ணா" என்றாள். "கருவாட்டு வாடை அப்பிடியே இருக்குது. பொட்டி மாட்ட நான் வெல்டிங் வச்ச கம்பிகூட இருக்குது."

அவள் நன்றி சொல்வாள் என்று மைக்கை வாய்க்கு நேரே பிடித்திருந்தவன் நான்தான். ஊர் முழுக்கக் கேட்டது.

ஆமாம் ஐயா, திருடியது நான். ஒளித்து வைத்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும். வண்டியைப் போலீஸ் மீட்டு அவளிடம் ஒப்படைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு அதைக் கொடுத்தது நான். சந்தேகம் இருந்தால் வீடியோவைப் பாருங்கள். அவள் வாயைத் திறக்கும் வரைக்கும்.