பக்கத்து வீட்டுக்காரர் தேக்குக்கு ஊற்றிய தண்ணீர்

என் பெயர் அசன் மைதீன், வயது 51, தகப்பனார் ஹசன் அலி. சொந்த ஊர் திசையன்விளை. அங்கே பனையைத் தவிர வேறு மரம் அறியேன். சேரன்மகாதேவியில் மனைவி மர்வா வீட்டில் குடியிருக்கிறேன். சவூதியில், தம்மாமில் இருபத்தோரு ஆண்டுகள் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுக் கடந்த கார்த்திகையில் ஒரேயடியாகத் திரும்பினேன். வீட்டின் பின்னால் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் லீவில் வந்தபோது நான் நட்ட பன்னிரண்டு தேக்குகள் நிற்கின்றன. வாரந்தோறும் மரங்களைப் போனில் விசாரிப்பேன். மர்வா படம் அனுப்புவாள், எல்லாம் பச்சையாக இருக்கும்.

இந்தத் தை மாதக் கடைசியில் இலைகள் பழுத்து உதிர்ந்தன. மாசி பாதியில் ஒரு மரத்திலும் இலை இல்லை. அதன் பிறகு அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஞானசம்பந்தன் மேல் சந்தேகப்பட்டேன். தேக்கிலை தன் கிணற்றில் விழுவதாக அவர் குறைபட்டவர். பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்பார்கள். தூரை மோந்து பார்த்தேன், மூன்று மரங்களில் பெருங்காய வாடை அடித்தது. மர்வா அவர் வீட்டாருடன் பழகுகிறவள், போய்ச் சொல்லிவிடுவாள் என்று அவளிடமும் மறைத்தேன்.

அதன் பிறகு நேற்று காலை ஏழு மணியளவில் அவர் வாளியுடன் வந்து மரத்தடியில் ஊற்றுவதைப் பார்த்தேன். என்ன ஊற்றுகிறீர் என்று கேட்டதற்கு, "உம்ம வீட்டுல கேளும் வே" என்று சிரித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் துவைகல்லில் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

சத்தம் கேட்டு வந்த மர்வா, "கரையானுக்குப் பெருங்காயத் தண்ணி ஊத்தச் சொன்னதே நாந்தான் மச்சான். தேக்கு மாசியில மொட்டையாத்தான் நிக்கும், சித்திரையில தளிரு விட்டுரும்" என்றாள். அப்படியானால் பச்சைப் படங்கள் எப்படி என்று கேட்டேன். "மொட்ட மரத்த அனுப்புனா நீங்க அங்கன தூங்க மாட்டிய. மழைக்காலப் படத்தையே திரும்ப அனுப்புனேன்" என்று அழுதாள். எனக்கு லீவு கிடைத்ததெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான். கோடையில் என் வீட்டை நான் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. "வாளி அங்கன கெடக்கு. மிச்ச மரத்துக்கும் பைய ஊத்திரும் வே, கரையான் ஏறிரும்" என்றார்.

ஊற்றிவிட்டுத்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன். அவரைத் தள்ளியது நான்தான், வேறு யாருமில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அசன் மைதீன்